மாறுவேடத்தில் ஒன்று

எமயோகி ஆறு உறைந்து கிடந்த பிப்ரவரி.
தார்த்து நகர அளவை அலுவலகத்தில்
ஒரே கணக்கை இருவர் போடுவது வழக்கம்:
நான் ஒரு முறை, எண்டெல் ஒரு முறை,
நடுவில் பச்சைத் திரை.
மாலை ஐந்து வரை பேசக்கூடாது.
விடைகள் ஒத்துப்போனால் புரூல் கையெழுத்திடுவார்.
ஒத்துப்போகாவிட்டால்
இரண்டு வீட்டிலும் சூப் ஆறிப்போகும்.

அன்றைய கணக்கு, கம்பிவட ஓடத்துக்கு ஆற்றின் அகலம்.
இக்கரையில் இரண்டு முளைகள், இடையே நூறு மீட்டர்.
அக்கரையில் ஒற்றை பிர்ச் மரம்.
ஒரு முளையிலிருந்து நாற்பத்தைந்து பாகை,
மற்றதிலிருந்து முப்பது.
இத்தனை சமர்த்தான கோணங்களை
அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை.
தாளில் வந்து நின்றது:
மேலே நூறு,
கீழே மூன்றின் வர்க்கமூலம் கழித்தல் ஒன்று.

அட்டவணை 1.73 என்றது. இருவருக்கும் அதே அட்டவணை.

திரைக்கு அப்பால்
எண்டெலின் இயந்திரம் கைப்பிடி சுழலச் சுழல
காபிக்கொட்டை அரைப்பதுபோல் இரைந்தது.
பூஜ்யம் புள்ளி ஏழு மூன்றால் நூறை வகுக்கிறான்.
வகுக்கிறான், மீதி வருகிறது.
வகுக்கிறான், மீதி வருகிறது.

எனக்கு இயந்திரம் தரவில்லை.
பென்சில்தான்.
சோம்பல் கற்றுக்கொடுத்ததை
வேறெந்தப் பள்ளியும் எனக்குக் கற்றுத்தரவில்லை.
முறுடு கீழ்த்தளத்தில் குடியிருந்தால்
வீட்டில் ஒருநாளும் அமைதியில்லை.
அதன் இணையைக் கூட்டிவந்தேன்:
அதே மூன்றின் மூலம், அதே ஒன்று,
நடுவில் மட்டும் கழித்தலுக்குப் பதில் கூட்டல்.
மேலும் கீழும் அதனாலேயே பெருக்கினேன்.
கீழே மூலங்கள் ஒன்றையொன்று தின்று தீர்த்தன.
மூன்று கழித்தல் ஒன்று.
இரண்டு.
வெறும் இரண்டு!

ஐந்து மணி. திரை விலகியது.
அவன் தாளில் 136.99.
என் தாளில் 136.50.

"கணக்கையே மாற்றிவிட்டாள்" என்றான் எண்டெல்.
மாற்றவில்லை, ஒன்றால் பெருக்கினேன்.
"இது ஒன்றா?"
மேலே இருப்பதுதானே கீழேயும்?
ஒன்றேதான்,
வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

புரூல் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.
சன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார்.
"உறைந்துதானே இருக்கிறது" என்றார்.

ஆக மறுநாள் விடியலில்
பனிக்கட்டியின் மேல் இரும்புச் சங்கிலி இழுத்தோம்,
இருபது மீட்டர்ச் சங்கிலி,
அவன் ஒரு நுனி, நான் ஒரு நுனி.
உதடு விறைத்துவிட்டதால்
எண்ணிக்கையைக் கையுறை விரலால் காட்டிக்கொண்டோம்.
நடு ஆற்றில் எங்கோ அடியில்
பனி ஒருமுறை முனகியது. இருவரும் நின்றோம்.
மெல்ல, மறுபடி.
ஆறு சங்கிலி முழுதாக,
பிறகு பதினாறு மீட்டர் அறுபது.

இருவர் விடையும் தப்பு.
என் தப்பு அரைச் சாண்,
அவன் தப்பு முக்கால் முழத்துக்கும் மேல்.
ஒரே 1.73-இலிருந்துதான் இரண்டும் முளைத்தன.
வெட்டிவிட்ட வால்
கீழே இருந்தால் உதறி உதறி அடிக்கிறது,
மேலே இருந்தால் படுத்துக்கொள்கிறது.

பிர்ச் மரத்தில் முதுகு சாய்த்து
எண்டெல் கேட்டான்:
"அப்படியானால் அந்த மூலம் ஒழிந்துவிட்டதா?"
ஒழியவில்லை. மாடிக்குக் குடிபோயிருக்கிறது.
அதன் தசமங்கள் இன்னும் முடியவில்லை,
நாம் இறந்த பிறகும் முடியாது.
கீழே நின்று யாரையும் வகுக்காமல்
மேலே நின்று பெருக்குகிறது, அவ்வளவுதான்.

அவன் தலையாட்டினான்.
ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.
சட்டைப்பையிலிருந்து கம்பு ரொட்டி எடுத்தான்,
கல்லாக இறுகியிருந்தது,
முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தான்.
ஒரு தடவை. மீதியே இல்லை.

திங்களன்று திரைக்கு அப்பால்
கைப்பிடி மறுபடி சுழன்றது,
காபிக்கொட்டை அரைக்கும் அதே இரைச்சல்.
கொஞ்ச நேரம் கழித்து நின்றது.
பென்சில் சீவும் சத்தம் கேட்டது.